உரசிப் பார்க்கப்படாத வைரம்



மனித மாண்பு என்பது நாம் சூட்டிய வெறும் பெயரா? அல்லது நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இருக்கும் உண்மையா? இத்தகைய கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ்.

1839ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தார். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். மகன் கடற்கரை அளவைத் துறையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பணியாற்றி, ஊசல்களைக் கொண்டு புவியீர்ப்பை அளந்தார்.

பயன்வழிவாதம் என்னும் மெய்யியலைத் தொடங்கி வைத்தவர் இவரே. ஒரு கருத்தின் பொருளை அறிய, அதனால் நடைமுறையில் என்ன விளையும் என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1878ல் எழுதிய கட்டுரையில் ஒரு வைரத்தைக் கற்பனை செய்தார். அது பஞ்சுக்குள் உருவாகி, எவரும் உரசிப் பார்க்குமுன் எரிந்துபோகிறது. அது கடினமானதா, மென்மையானதா? எப்படிச் சொன்னாலும் அது சொல்வழக்கு மட்டுமே என்றார். ஆனால் 1905ல் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். உரசியிருந்தால் கீறல் விழுந்திராது. ஆகவே எவரும் சோதிக்காவிட்டாலும் அதன் கடினம் உண்மையே என்றார்.

இத்தெளிவுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பிரான்சிஸ்கன் துறவி தன்ஸ் ஸ்கோட்டஸ். பொதுப் பண்புகள் மனம் சூட்டும் பெயர்கள் மட்டுமல்ல, பொருள்களிலேயே வேரூன்றியவை என்று கற்பித்தவர். 1993ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். மனிதர்கள் தனித்தனி ஆள்கள் மட்டும்தானா, அல்லது நம்மை இணைக்கும் பொதுவான ஒன்று உண்மையிலேயே உண்டா என்பதும் இக்கேள்விக்குள் அடங்கும் என்பதை பெர்ஸ் 1871லேயே உணர்ந்திருந்தார்.

அவர் புனிதர் அல்லர்; கத்தோலிக்கரும் அல்லர். மணவாழ்வுச் சிக்கல்களால் 1884ல் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். நெடுங்காலம் நற்கருணையை விட்டு விலகியிருந்தவர், 1892 ஏப்ரலில் நியூயார்க்கின் புனித தோமா ஆலயத்தில், ஆண்டவரே தம்மை அழைப்பதாக உணர்ந்து பந்தியை அணுகினார். இறுதி ஆண்டுகளில் வறுமை வாட்ட, நண்பர் வில்லியம் ஜேம்ஸ் திரட்டிய உதவியால் வாழ்ந்தார். 1914 ஏப்ரல் 19ல் புற்றுநோயால் இறந்தார். அச்சேறாத அவருடைய கையெழுத்துப் படிகள் பிற்பாடு ஹார்வர்டைச் சென்றடைந்தன.

படுக்கையில் பேச்சிழந்து கிடக்கும் முதியவரும், பிறக்குமுன்னே இறக்கும் குழந்தையும் தம் மதிப்பை நமக்கு மெய்ப்பித்துக் காட்டுவதில்லை. ஆயினும் அவர்களுடைய மாண்பு உண்மையானது. அது நாம் கொடுத்தது அன்று, கடவுள் தந்தது. அதை உரசிப் பார்க்காமலே மதிக்க நாம் அருள் வேண்டுவோம்.