போர், கப்பல் கட்டணம், சுரங்கச் சட்டம்: ஜம்சேத்ஜி டாடாவின் கணக்கை மாற்றிய வெளிக் காரணங்கள் என்னென்ன?

அமெரிக்காவில் சண்டை நின்றால் பம்பாயில் ஒரு வியாபாரக் குடும்பம் ஏன் தடுமாற வேண்டும்? ஜம்சேத்ஜி டாடாவுக்கு 26 வயதிலேயே இதற்கான விடை, அதுவும் பட்டுத்தான் தெரிந்தது.

1839-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். அப்பா நுசர்வான்ஜிக்கு பம்பாயில் வியாபாரம். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து படுத்துவிட்டது. இந்தியப் பருத்திக்கு அடித்தது யோகம். பம்பாயில் பணம் கொட்டியது, அதை நம்பி புதுப்புது வங்கிகள் முளைத்தன. 1865-ல் போர் முடிந்தது. அவ்வளவுதான், பருத்தி விலை சரிந்தது, வங்கிகளும் கவிழ்ந்தன.

அப்போது ஜம்சேத்ஜி லண்டனில் இருந்தார். கையில் இருந்த பருத்தி பில்களுக்கு மதிப்பே இல்லை. ஓடி ஒளியாமல், கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நிலைமையைச் சொன்னார். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதும் இன்னொரு போர்தான். அபிசீனியாவுக்குப் போன பிரிட்டிஷ் படைக்குப் பொருட்கள் சப்ளை செய்யும் ஒப்பந்தத்தில் நல்ல லாபம் வந்தது. 1868-ல் 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

ஏன் நாக்பூர்?

அந்தக் காலத்தில் மில் என்றாலே பம்பாய். ஜம்சேத்ஜியோ நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளைவது அதைச் சுற்றித்தான். ரயில் வந்துவிட்டது, நிலம் மலிவு, துணி விற்கவும் பக்கத்திலேயே சந்தை. அங்கே பணம் போடுவது தங்கத்தை மண்ணில் கொட்டுவது மாதிரி என்று பணக்காரர் ஒருவர் கைவிரித்ததாகச் சொல்வார்கள். 1877 ஜனவரி 1-ல் எம்ப்ரஸ் மில் திறக்கப்பட்டது, நன்றாகவே ஓடியது.

ஆனால் ஒரு விஷயம் கணக்கில் தப்பிவிட்டது. பம்பாய் தொழிலாளிபோல நாக்பூர்க்காரர்கள் தினமும் வேலைக்கு வரவில்லை. அபராதம் போட்டு மிரட்டாமல் பரிசு, ஓய்வூதியம், விபத்து இழப்பீடு என்று வேறு வழியில் போனார் ஜம்சேத்ஜி. அன்றைய மில் முதலாளிகளிடம் இது அபூர்வம்.

கப்பல் சண்டையில் தோல்வி

எல்லா இடத்திலும் இப்படி ஜெயிக்கவில்லை. கிழக்காசியாவுக்கு நூலும் பருத்தியும் அனுப்ப பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி கேட்ட கட்டணம் மிக அதிகம். 1893-ல் ஜப்பானுக்கே போய், அங்குள்ள என்.ஒய்.கே. கம்பெனியுடன் சேர்ந்து 'டாடா லைன்' தொடங்கினார். டன்னுக்கு 19 ரூபாயாக இருந்த கட்டணம் 12 ரூபாய்க்கு வந்தது. உடனே பி அண்ட் ஓ இரண்டு ரூபாய்க்கும் கீழே இறக்கியது. கூட நிற்பார்கள் என்று நம்பிய வியாபாரிகள் மலிவு பார்த்து அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். டாடா லைன் மூடப்பட்டது. கட்டணம் எவ்வளவு, கப்பல் வாடகை எவ்வளவு என்று சரியாகத்தான் பார்த்திருந்தார். எதிராளி எத்தனை நாள் நஷ்டத்தைத் தாங்குவான் என்பதுதான் அவர் கையில் இல்லாத கணக்கு.

இரும்புக்கு 17 வருட இடைவெளி

1882-ல் சாந்தா மாவட்ட இரும்புத் தாது பற்றி ஜெர்மன் நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கை ஜம்சேத்ஜி கண்ணில் பட்டது. ஆசை பிறந்தது, ஆனால் அரசின் சுரங்க விதிகள் கெடுபிடியானவை. பக்கத்தில் கிடைத்த நிலக்கரியும் இரும்பு உருக்க உதவவில்லை. திட்டம் கிடப்பில் போனது. 1899-ல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் விதிகள் தளர்ந்த பிறகுதான் மறுபடி கையில் எடுத்தார். அப்போது அவருக்கு 60 வயது. 1902-ல் அமெரிக்கா போய் உருக்காலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

1904 மே 19-ல் ஜெர்மனியின் பாட் நாஹைமில் ஜம்சேத்ஜி காலமானார். மகன் தோராப்ஜி வேலையைத் தொடர்ந்தார். ஜம்சேத்ஜி ஆசைப்பட்ட சாந்தாவில் ஆலை அமையவில்லை. தாது, நிலக்கரி, தண்ணீர், ரயில் எல்லாம் கூடிவந்த சாக்சியில் 1912-ல் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. அந்த ஊர்தான் இன்றைய ஜம்ஷெட்பூர்.