விகடத்தால் வேலை போயிற்று!

1970-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பி.பி.சி.யின் 'ரேடியோ 1' நிலையத்தில் செய்தி வாசித்து முடிந்தது. பிரிட்டனின் போக்குவரத்து மந்திரி ஜான் பெய்டனின் மனைவி, மோட்டார் ஓட்டுவதில் உயர்தரப் பரீட்சை எழுதித் தேறிவிட்டார் என்பது அன்றையச் செய்திகளில் ஒன்று. அடுத்து இசைத்தட்டு சுழல வேண்டும். ஆனால், ஒலிபெருக்கியின் முன் இருந்த இளைஞருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. அந்த அம்மாள் பரீட்சகரின் கையில் ஐந்து பவுன் நோட்டைத் திணித்திருப்பார் என்று பொருள்பட ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். சில நாட்களில் சீட்டுக் கிழிந்தது!

அவர் பெயர் கென்னி எவரெட். அப்போது வயது 25. பிரிட்டனில் ரேடியோ வைத்திருந்த இளைஞர்களில் அவர் குரலை அறியாதவர் அரிது.

பாதிரியார் பள்ளி மாணவர்

கென்னி எவரெட் என்பது அவருடைய இயற்பெயர் அல்ல. 1944-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, லிவர்பூல் துறைமுகத்தை அடுத்த ஸீபோர்த்தில் பிறந்தபோது பெற்றோர் இட்ட பெயர் மாரிஸ் கோல். தகப்பனார் இழுவைப் படகில் வேலை செய்தவர். கத்தோலிக்கக் குடும்பம். பையனைச் சில காலம் பாதிரியார் பயிற்சிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே பாடற்குழுவில் பாடினார். பாதிரியார் ஆகும் யோகம் இல்லை. ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். பிறகு ஒரு கப்பல் வியாபாரப் பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் வேலை பார்த்தார்.

மனம் மட்டும் டேப் ரிக்கார்டரிலேயே இருந்தது. தம் குரலைப் பதிவு செய்வார், நாடாவைப் பிளேடால் வெட்டுவார், ஒட்டுவார், அதன்மேல் இன்னொரு குரலைப் பதிவு செய்வார். ஒரே ஆள் பத்துப் பேராகப் பேசுவார், கோரஸும் பாடுவார். இவ்வாறு தயாரித்த நாடா ஒன்றைப் பி.பி.சி.க்கு அனுப்பிப் பார்த்தார். பேட்டிக்கு அழைத்தார்கள். 

உத்தியோகம் கொடுத்தது ஒரு கப்பல்!

கடல் நடுவே ரேடியோ

அந்நாளில் பிரிட்டனில் ரேடியோ நடத்தும் உரிமை பி.பி.சி. ஒன்றுக்கே உண்டு. சங்கீதக்காரர்களின் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டினால், இத்தனை மணி நேரத்துக்குமேல் இசைத்தட்டுப் போடக்கூடாது என்று கட்டுப்பாடு வேறு. பீட்டில்ஸ் பாட்டுக்கு நாடே பைத்தியமாய் அலைந்த காலம் அது! இதைக் கண்ட சில முதலாளிகள், சட்டத்தின் கைக்கு எட்டாத கடல் எல்லையில் கப்பலை நிறுத்தி, அதிலிருந்து பாட்டு ஒலிபரப்பத் தொடங்கினர். மக்கள் இதற்கு வைத்த பெயர் 'கொள்ளைக்கார ரேடியோ'. எஸ்ஸெக்ஸ் கரைக்கு அப்பால் நின்ற 'காலக்ஸி' என்ற பழைய போர்க்கப்பலிலிருந்து 'ரேடியோ லண்டன்' 1964 டிசம்பரில் முழங்கியது. கோல் அதில் சேர்ந்தார். சட்டத் தொல்லை வராமலிருக்கப் பெயரை எவரெட் என்று மாற்றிக்கொண்டார். டேவ் காஷ் என்பவருடன் சேர்ந்து அவர் அடித்த கூத்துக்கு நேயர்கள் திரண்டார்கள்.

கப்பலுக்கு விளம்பரமே ஜீவனம். அமெரிக்க மதப் பிரசார நிகழ்ச்சி ஒன்று, பெரும் கட்டணம் செலுத்தி அன்றாடம் ஒலிபரப்பாகிவந்தது. எவரெட்டுக்கு அது பிடிக்கவில்லை. மைக்கிலேயே கேலி செய்தார். படியளப்பவரைக் கேலி செய்தால் பொறுப்பார்களா? 1965-இல் கப்பலிலிருந்து கரைக்கு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு அவர்களே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸ் அமெரிக்கா சென்றபோது, கூடவே சென்று செய்தி அனுப்பியவர் இவர்தான்.

1967-இல் அரசாங்கம் சட்டம் போட்டுக் கப்பல் ரேடியோக்களின் வாயை அடைத்தது. ஆனால், இளைஞர்களின் காதை அடைக்க முடியுமா? பி.பி.சி.யே 'ரேடியோ 1' என்ற பாட்டு நிலையத்தை அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. கொள்ளைக்காரக் கப்பல்களில் கூத்தடித்தவர்களையே அழைத்து நாற்காலி போட்டது. அவர்களில் எவரெட்டும் ஒருவர்.

கூண்டில் அடைத்தும் கிளி பழைய பேச்சை விடவில்லை. நிலையத்தின் மேலதிகாரிகளையும் அதன் நடைமுறைகளையும் வெளிப்படையாகவே குறை கூறிவந்தார். ஆகவே மந்திரி மனைவி விவகாரம் வந்தபோது, மேலிடத்தில் அவருக்காகப் பரிந்து பேச ஆள் இல்லை. புதிய மந்திரிசபை பதவியேற்றும் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த விகடத்தைச் சிறு விஷயம் என்று சொல்வோர் உண்டு. ஆனால், அந்த அம்மாள் அரசியல் மேடையில் ஏறியவர் அல்ல. பயின்று பரீட்சையில் தேறியவர். லஞ்சம் கொடுத்ததாக லட்சக்கணக்கானோர் கேட்கச் சொன்னால், அது வேடிக்கை என்ற கணக்கில் மட்டும் அடங்காது. அதே சமயம், ஒரு வாக்கியத்துக்காக அடியோடு வெளியேற்றியதும் கொஞ்சம் அதிகந்தான். வீட்டில் பிளேடும் நாடாவும் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷ நிகழ்ச்சிக்கு மணிக்கணக்கில் உழைத்தவர் எவரெட். அவருக்கு வினையாக வந்ததெல்லாம் வெட்ட நேரமில்லாமல் வாயில் வந்த பேச்சு.

இது பி.பி.சி.க்கும் தெரிந்திருந்தது போலும்! 1973-இல் திரும்ப அழைத்தபோது, முன்கூட்டியே பதிவு செய்து கொடுக்க வேண்டும், சரிபார்த்த பிறகே ஒலிபரப்பு என்று நிபந்தனை போட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் 'காபிடல்' என்ற தனியார் நிலையம் லண்டனில் பிறந்தது. எவரெட் அங்கே போய்விட்டார். 1975-இல், 'குயீன்' குழுவின் ஆறு நிமிஷப் பாட்டு ஒன்றை இவ்வளவு நீளமாயிருந்தால் எந்த நிலையமும் போடாது என்று எல்லாரும் கைவிட்டபோது, ஒரு வார இறுதியில் 14 தடவை ஒலிபரப்பி அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அப்பாட்டை எழுதிப் பாடிய பிரெட்டி மெர்குரி, நம் பஞ்சகனியில் படித்த பார்ஸி!

இரண்டு மேடை

1978 முதல் டெலிவிஷனிலும் எவரெட் கொடி பறந்தது. 1983 ஜூனில் தேர்தல் பிரசாரத்துக்காகக் கன்சர்வேட்டிவ் கட்சி இளைஞர்கள் வெம்பிளியில் கூடியபோது, ராட்சதக் கைகளை மாட்டிக்கொண்டு மேடையேறினார். ருஷ்யாவின்மீது குண்டு போடுவோம் என்றார். முதியவரான எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் புட்டின் ஊன்றுகோலை உதைத்துத் தள்ளுவோம் என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். ஆனால், அதற்காக அவருக்கு எந்த வேலையும் போகவில்லை!

அதே ஆண்டில், பி.பி.சி.யின் 'ரேடியோ 2' நிகழ்ச்சியில், அதே கட்சியின் பிரதமர் தாட்சரைப் பற்றி ஆபாசமான சிலேடை ஒன்றைச் சொன்னார். அந்த நிலையத்தில் அவர் குரல் அத்துடன் அடங்கியது. டெலிவிஷனில் மட்டும், அதே பி.பி.சி.யில், 1988 வரை ஓடிக்கொண்டிருந்தார்.

சொந்த வாழ்க்கையில் சிரிப்புக் குறைவு. 1969-இல் நடந்த கல்யாணம் பத்து ஆண்டில் பிரிவில் முடிந்தது. ஆண்களிடமே தமக்கு நாட்டம் என்பதை நெடுங்காலம் மறைத்து வைத்து, எண்பதுகளில்தான் வெளியிட்டார். எய்ட்ஸ் கிருமி தொற்றியிருப்பதை 1993-இல் உலகறியச் சொன்னார்.

1988-இல் 'காபிடல் கோல்ட்' என்ற பழைய பாட்டு நிலையத்தில் சேர்ந்திருந்தார். அங்கிருந்து யாரும் அவரை விலக்கவில்லை. நோய் முற்றியதால் 1994-இல் தாமே எழுந்து போனார். 1995 ஏப்ரல் 4 அன்று லண்டனில் காலமானார். வயது 50.