கண்ணியமிகு காயிதே மில்லத்



சென்னை அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. 1991 முதல் 1997 வரை நாகப்பட்டினத்துக்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்றே பெயர் இருந்தது. பெயர் தெரியும், ஆள் யாரு என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம். எனவேதான் இந்தக் கட்டுரை.

அவரது இயற்பெயர் முகம்மது இஸ்மாயில். 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். தகப்பனார் மியாகான் ராவுத்தர். நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் தெருவுக்குத் தெரு கேட்கிற அதே ராவுத்தர்தான்! சின்ன வயசிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார்தான் வளர்த்து ஓதிக் கொடுத்தார். நெல்லை, திருச்சி, சென்னை என்று கல்லூரிகளில் படித்தவர், 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பி.ஏ. தேர்வை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். பட்டத்தை விடுவது சும்மாவா? ஒரு அரியரை முடிக்க நாம் படும் பாடு நமக்குத்தானே தெரியும்!

பிற்பாடு தோல் வியாபாரத்தில் இருந்து, முஸ்லிம் லீக்கின் சென்னை மாகாணத் தலைவரானார். 1946இல் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அடுத்த வருடமே நாடு இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் ரத்த ஆறு ஓடியது. லீக்கின் பெரிய தலைவர்களில் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இங்கேயே தங்கிய முஸ்லிம்கள், 1951 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர். அவர்களுக்கு யார் வழி சொல்வது?

1947 டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் கடைசியாகக் கூடி, இரண்டு நாட்டுக்கும் தனித்தனி அமைப்பு என்று முடிவு செய்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளர் இஸ்மாயில் சாகிப். ஊர் திரும்பியதும் 1948 மார்ச் 10ஆம் நாள், இப்போது ராஜாஜி ஹால் எனப்படும் மண்டபத்தில் கூட்டம் போட்டார். கட்சியையே கலைத்துவிடலாம் என்றவர்கள் அன்று நிறையப் பேர். அவர் அசையவில்லை. இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டு, ஓட்டுப்பெட்டி வழியாகவே சமுதாயத்தின் உரிமையைக் கேட்பது என்று இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நிறுத்தினார்.

அதே மார்ச் மாதம்தான் ஜின்னா டாக்காவுக்குப் போய், உருது ஒன்றே பாகிஸ்தானின் ஆட்சிமொழி என்று அறிவித்தார். வங்காளிகள் கொதித்தார்கள். 1952இல் டாக்கா மாணவர்கள் மொழிக்காகத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1971இல் பங்களாதேஷ் பிரிந்தது. மதம் ஒன்றாக இருந்தும் மொழியை மிதித்தால் நாடு நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம்ம இஸ்மாயில் சாகிபோ அரசியல் நிர்ணய சபையில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழே ஆட்சிமொழியாகும் தகுதி உடையது என்று வாதாடினார்.

ஐதராபாத்தையும் பாருங்கள். அங்கே காசிம் ரஸ்வி ரசாக்கர் படையைத் திரட்டி வாளைத் தூக்கினார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்ததும் ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. அடி வாங்கியது சாதாரண ஜனங்கள். ரஸ்வி சிறையில் இருந்து 1957இல் வெளியே வந்து பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். உசுப்பிவிட்டவர் போய்விட்டார், உசுப்பிவிடப்பட்டவர்கள் இங்கேயே கிடந்தார்கள்.

இஸ்மாயில் சாகிப் கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கேட்டார். படேல் கடுமையாக மறுத்தார். 1948 நவம்பரில் தனிநபர் சட்டத்துக்குப் பாதுகாப்பு கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். அதையும் சபை ஏற்கவில்லை. அந்தக் கோரிக்கைகள் சரியா, தப்பா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை, கல்லெறியச் சொல்லவில்லை. அதே சட்டத்தின்கீழ் மாநிலங்களவை உறுப்பினரானார். பின்பு 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்து மஞ்சேரியில் மக்களவைக்கு ஜெயித்தார்.

எங்க அத்தா குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். 2011இல் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையில் வண்டிகள் அடிபட்டதையும், வாரக்கணக்கில் வருமானம் இல்லாமல் வீட்டில் இருந்ததையும் சொல்வார். அப்படிப்பட்ட எல்லைக்கு அந்தப்பக்கம் மலையாளிகள் ஒரு தமிழரை மூன்று தடவை தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னபோது அத்தா நம்பவே இல்லை.

1962இல் சீனா படையெடுத்தபோது, தம் ஒரே மகனை ராணுவத்துக்கு அனுப்பத் தயார் என்று பிரதமர் நேருவுக்கு எழுதினார். 1965இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோதும் நாட்டின் பக்கமே நின்றார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கேயோ குண்டு வெடித்தது என்று டிவியில் வந்தால், ஹாலில் இருக்கும் சில கண்கள் என் பக்கம் திரும்பும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சோறு இறங்காது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். லேத்தில் மைக்ரான் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவன் எதற்கு விசுவாசக் கணக்கும் காட்ட வேண்டும்? மகனைத் தருகிறேன் என்று அந்தப் பெரியவர் எழுதிய கணக்கே போதாதா? அதே சமயம், மதத்தின் பெயரால் வாளெடுக்கச் சொல்லி எவனாவது எங்களைக் கூப்பிட்டால், ரஸ்வியின் கதையை எடுத்துச் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு இருக்கிறது.

1972 ஏப்ரலில் சென்னையில் அவர் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். காயிதே மில்லத் என்றால் சமுதாய வழிகாட்டி என்று பொருள். தோழர்களே, வழி காட்டியவர் போய்விட்டார், வழி இருக்கிறது. யாரையும் பெயரைப் பார்த்து எடைபோடாமல் பழகுவோம். படிப்போம், உழைப்போம், உரிமையைச் சட்டப்படி கேட்போம்.

வாழ்க காயிதே மில்லத் புகழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை