ஏசி பில் எகிறுதா? லாரி பேக்கரின் சுவரைப் பாருங்க!

ஊரப்பாக்கத்தில் வெயில் ஏறினால் கரண்ட் பில்லும் ஏறும். இதற்குச் சுவரிலேயே விடை தேடியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு இந்தியாவையே ஊராக்கிக்கொண்டார். டாக்டரான மனைவி எலிசபெத்துடன் இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். குளிர் தாங்க அங்குள்ளவர்கள் கல், மண், மரத்தில் கட்டிய வீடுகள்தான் அவருக்குப் பாடம்.

பிறகு கேரளாவில் 'ரேட் டிராப்' முறையைப் பரவலாக்கினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல், நிறுத்தி வைத்துக் கட்டணும். சுவருக்குள் காற்று இடைவெளி உருவாகும். வெளிச்சூடு சட்டென உள்ளே வராது. குளிர்காலத்தில் உள்சூடும் சீக்கிரம் வெளியே போகாது. செங்கல்லும் சுமார் 25% மிச்சம்.

1990-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் மறைந்தார். வீடு கட்டப் போறீங்களா? ஏசி வாங்கும் முன், சுவரைப் பற்றி இன்ஜினீயரிடம் பேசுங்க. எழுப்பிய பிறகு அதை மாற்ற முடியாது.