வாயிலில் நின்றவர்



1865 மார்ச் 4. வாஷிங்டன் நகரில் காலையிலே மழை; தெருவெல்லாம் சேறு. ஆயினும் அலைகடலெனத் திரண்டது மக்கள் கூட்டம். ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்கும் நாள் அது!

யார் அந்த லிங்கன்? சீமான் வீட்டுச் செல்வப் பிள்ளையா? இல்லை! 1809-இல் கெண்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளால் ஆன ஒற்றையறைக் குடிலில் பிறந்தவர். பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. கோடரி பிடித்தார், படகு தள்ளினார், கடைச் சிப்பந்தியாக நின்றார், சிற்றூரில் அஞ்சல் அலுவல் பார்த்தார், தாமாகவே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1858-இல் செனட் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1860-இல் நாட்டுக்கே தலைவரானார்!

அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் பிரிந்தன. 1861-இல் போர் மூண்டது. 1863 சனவரி 1-இல், கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார் லிங்கன். 1864 தேர்தலில், அவரால் படைத்தலைமையிலிருந்து நீக்கப்பட்ட மக்ளெல்லனே எதிர்த்து நின்றார். முடிவு? லிங்கனுக்கு 212 தேர்வர் வாக்குகள், எதிரிக்கு 21!

போரிலும் வெற்றி நெருங்கிவிட்ட நேரம். மார் தட்டினாரா? இல்லை. சுமார் எழுநூறு சொற்களில் உரையை முடித்தார். போரின் வேர் அடிமை முறையே என்றார். தோற்பவரைத் தூற்றவில்லை, மாண்ட வீரனின் மனைவி மக்களைக் காப்பது கடமை என்றார்.

அன்று மாலை வெள்ளை மாளிகையில் வரவேற்பு. வாழ்த்துக் கூற வந்தார் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, நாவாலும் பேனாவாலும் அடிமைத் தளையை அறுக்கப் போராடியவர். கறுப்பர் என்பதால் வாயிலிலேயே தடுத்தனர் காவலர்! அடிமை ஒழிப்புச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஐந்து வாரங்கூட ஆகவில்லை. ஏட்டிலே விடுதலை, வாயிலிலே தடை!

செய்தி லிங்கனுக்கு எட்டியது. உள்ளே வரச் செய்தார். அத்தனை பேர் முன்னிலையிலும் நண்பர் என்றழைத்து, தம் உரை எப்படியிருந்தது என்று ஆவலோடு கேட்டார்.

ஏப்ரல் 14-இல் கொலைகாரன் குண்டு பாய்ந்தது. மறுநாள் மறைந்தார் லிங்கன். பதவியேற்று ஆறே வாரம்! அந்தத் திருத்தம் 1865 டிசம்பரில் சட்டமாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

தோழா! தேர்தலில் வென்றுவிட்டோம் என்று மாலையோடு மண்டபத்துக்குள் நுழைகிறாயா? நுழையுமுன் ஒருமுறை திரும்பிப் பார். வாயிலில் யாரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? அவரையும் அழைத்துக்கொண்டு போ!