சொல் இழந்தோரின் மருத்துவர்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1824ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பால் புரோக்கா. பாரிசில் மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1859இல் அங்கே மானிடவியல் கழகத்தை நிறுவினார்.

அந்நாளில் அறிஞரிடையே ஒரு வழக்கு நிலவியது. மூளை முழுவதும் ஒன்றாக இயங்குகிறதா, பேச்சு போன்ற ஆற்றல்களுக்கு மூளையில் தனித்தனி இடங்கள் உண்டா என்பதே அது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணங்கூறியோரின் போலி அறிவியல் மலிந்திருந்தமையால், இரண்டாம் கருத்தை ஏற்கப் பலரும் தயங்கினர். சான்றின்றி எதையும் ஏற்கும் இயல்பு புரோக்காவுக்கும் இல்லை.

1861 ஏப்ரலில், பிசேத்ர் மருத்துவமனையில் அவருடைய அறுவை மருத்துவப் பிரிவுக்கு 51 வயதான லெபோர்ன் என்பவர் கொண்டுவரப்பட்டார். காலில் கொடிய அழுகல் நோய். முப்பதாம் வயதில் பேச்சை இழந்து அங்கு வந்தவர் அவர். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்னும் ஓரசையையே இருமுறை சொல்வார். அதனால் மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராயிற்று. எத்தனை ஆண்டுகளாக இங்கிருக்கிறார் என்று புரோக்கா வினவியபோது, லெபோர்ன் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலை நீட்டினார். இருபத்தோராண்டு என்பது சரியான விடை. அதே வினாவை மீண்டும் மீண்டும் கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்று உணர்ந்து சினந்தார். நாவில் சொல் இல்லை. ஆனால் கணக்கும் நினைவும் தன்மானமும் குன்றவில்லை என்பதைப் புரோக்கா கண்டார்.

ஏப்ரல் 17இல் லெபோர்ன் இறந்தார். மறுநாளே அவருடைய மூளையைப் புரோக்கா கழகத்தார் முன் வைத்தார். இடப்பக்க முன்மடலில் சிதைவு இருந்தது. சில திங்களில் 84 வயது முதியவர் லெலோன் வந்தார். பக்கவாதத்திற்குப் பின் அவரிடம் ஐந்து சொற்களே எஞ்சியிருந்தன. எந்த எண்ணைக் குறிக்கவும் மூன்று என்றே சொல்லி, உண்மையான எண்ணை விரல்களால் காட்டுவார். அவர் மூளையிலும் அதே இடத்தில்தான் சிதைவு. இத்தகைய நோயாளிகள் பலரை ஆராய்ந்த பின்னரே, பேச்சை ஆள்வது பெரும்பாலோரிடம் மூளையின் இடப்பக்கம் என்று 1865இல் புரோக்கா எழுதினார். அதற்கு முன்பே மார்க் டாக்ஸ் என்னும் மருத்துவர் இக்கருத்தை எழுதிவைத்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நூல்கள் பலவும் புரோக்காவின் வரலாற்றை இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றன. அவரோ அடுத்த வினாவுக்குச் சென்றார். இடப்பக்கம் இழந்ததை வலப்பக்கம் கற்க முடியாதா? குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் முதியவருக்கும் பேச்சைக் கற்பிக்க இயலாதா? பேச்சிழந்த ஒருவருக்குத் தாமே பாடம் நடத்தினார். எழுத்துகள் வந்தன, அசைகளும் வந்தன, அசைகள் பல சேர்ந்த நீண்ட சொற்களில் பயிற்சி தடைபட்டது. வெற்றி சிறிது. ஆயினும் இன்று பக்கவாதத்திற்குப் பின் அளிக்கப்படும் பேச்சுப் பயிற்சியின் தொடக்ககால முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

மண்டையோடுகளையும் மூளைகளையும் அளந்து, இனங்களுக்கும் ஆண் பெண்ணுக்கும் இடையே அறிவில் உயர்வு தாழ்வு கற்பித்த அவருடைய ஆய்வுகள் பிற்காலத்தில் தவறென்று தள்ளப்பட்டன. நோயாளியின் படுக்கையருகே அத்துணை நுட்பமாக நோக்கிய கண், அங்கே தன் காலத்தின் செருக்கைக் காணத் தவறியது.

1880இல் நாட்டின் மேலவைக்கு வாழ்நாள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட புரோக்கா, அவ்வாண்டு சூலையில் தம் 56ஆம் வயதில் மறைந்தார். லெபோர்ன், லெலோன் இருவரின் மூளைகளையும் அவர் அறுத்துப் பாராமல், முழுமையாகவே பாதுகாத்து வைத்திருந்தார். 2007இல் ஆய்வாளர்கள் காந்த அதிர்வு வருடியால் அவற்றை ஊடுருவி நோக்கினர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட சிதைவு உள்ளே நெடுந்தொலைவு ஆழ்ந்து, மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை சென்றிருந்தது.