பூட்டுத் தொழிலாளியின் மகன் ஜார்ஜ் ஓம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

ஓம் விதியை அறியாத இயற்பியல் மாணவர் நம் கல்லூரியில் எவரும் இரார். மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த ஓம் யார், எந்த ஊரினர், எப்படி வாழ்ந்தார் என்று வினவினால் நம்மில் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கோயிலில் ஒலிக்கும் ஓங்காரம் அன்று, அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்று சொன்னாலே சிலர் வியப்படைகின்றனர். என் தந்தை எண்ணூரில் பிட்டர் வேலை செய்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஓமின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது அதை எளிதில் கீழே வைக்க என்னால் இயலவில்லை.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், இன்றைய ஜெர்மனியில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாய் தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளில் மூவரே எஞ்சினர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார். தந்தை முறையாகப் படித்தவர் அல்லர். ஆயினும் பட்டறை வேலை முடிந்த நேரங்களில் தாமே நூல்களைப் படித்துக் கணிதம் கற்றார். கற்றதைத் தம் இரு மைந்தருக்கும் ஊட்டினார். இளையவர் மார்ட்டின் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார். மூத்தவர் கணிதத்தோடு அரத்தையும் சம்மட்டியையும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இந்த இரண்டாவது கல்விதான் உலகுக்கு அதிகம் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இளைஞர் ஓம், நம்மில் சிலரைப் போலவே, பாடத்தைவிட நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் நாட்டம் கொண்டார். தந்தைக்குக் கடுஞ்சினம் மூண்டது. தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணாக்குவதா? மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. மகன் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாரானார். பின் 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் வந்ததே தவிர நல்ல பதவி வரவில்லை. பள்ளி மாறிப் பள்ளியாக அலைந்து, 1817இல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கு ஒரு நல்ல ஆய்வகம் இருந்தது. அதுவே அவருக்குத் திருப்பமாயிற்று.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் ஓயர்ஸ்டெட் கண்டுபிடித்திருந்தார். ஆனால் மின்னோட்டத்தை அளக்க அந்நாளில் அம்மீட்டர் ஏது? வோல்ட்மீட்டர் ஏது? இங்கிலாந்தின் செல்வரான கேவண்டிஷ் அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே தம் உடம்பையே கருவியாக்கி, வாங்கும் அதிர்ச்சி பெரிதா சிறிதா என்று பார்த்து மின் கடத்தலை ஒப்பிட்டிருந்தார். (9 வோல்ட் பேட்டரியை நாக்கில் தொட்டுப் பார்த்த நண்பர்கள் அவரைத் தம் குருவாகக் கொள்ளலாம்.) அவர் அதை வெளியிடவில்லை, மாக்ஸ்வெல் 1879இல் அச்சிடும்வரை உலகம் அறியவில்லை. ஓம் வேறு வழி கண்டார். மெல்லிய உலோக இழையில் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் ஊசி விலகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இழையின் மேல்முனையை எவ்வளவு முறுக்க வேண்டுமோ, அந்தக் கோணமே மின்னோட்டத்தின் அளவு. பட்டறையில் பழகிய கை அந்தக் கருவியை உருவாக்கியது.

கருவி நன்றாயிருந்தும் முதலில் விடை பிழையாயிற்று. 1825இல் அவர் வெளியிட்ட சூத்திரம் சரியானதன்று. குற்றம் பேட்டரியுடையது. அக்காலத்து மின்கலம், சுற்றை மூடியவுடன் ஓங்கி எழுந்து பிறகு தளர்ந்துவிடும். இதை எண்ணூரில் இருந்துகொண்டு புரிந்துகொள்வது எளிது. எங்கள் பகுதியில் இரவில் வலைக்குப் போகிறவர்களின் 12 வோல்ட் பேட்டரி பழையதானால், சும்மா இருக்கையில் மீட்டர் 12.6 காட்டும், விளக்கை இணைத்ததும் அழுது வடியும். ஆதலால் தெருவில் உள்ளவர்கள் பழைய வண்டி விளக்கின் பல்பில் இரு ஒயர்களைப் பற்றவைத்து, அதை எரியவிட்டபடியே மீட்டரைப் பார்க்கின்றனர். கடையில் வாங்காத கருவி. ஆனால் பேட்டரி உண்மையைச் சொல்லிவிடும்.

அறிவியல் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போகன்டோர்ஃப், மின்கலத்தை விட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு ஓமுக்கு யோசனை கூறினார். 1821இல் சீபெக் கண்டறிந்தது அது. பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால், வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. டேனியலின் நிலையான மின்கலம் வந்தது 1836இல்தான் என்பதை நினைத்தால் இந்த யோசனையின் அருமை விளங்கும். 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஓம் அளந்தார். கம்பியின் நீளத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டி, அத்தொகையால் மின்னியக்கு விசையைக் குறிக்கும் எண்ணை வகுத்தால், மின்னோட்டம் அப்படியே வந்தது. கூட்டிய அந்த மாறா எண், கம்பி நீங்கலாகச் சுற்றின் மற்றப் பகுதிகளுக்கு உரிய தடை. பேட்டரி உள்ள சுற்றில் அதன் அக மின்தடையும் அதனுள் அடங்கும்.

எங்கள் பழைய பேட்டரியின் அக மின்தடை அரை ஓம் என்று கொள்வோம். பல்பு 4 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலையும், 12.6 என்பது 10.6 ஆகும். புதியதில் இத்தடை ஓமில் நூறில் சில பங்கே, விளக்கு மங்காது.

1827இல் பெர்லினில் ஓம் தம் நூலை வெளியிட்டார். அதைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகப் பதவி பெறலாம் என்று நம்பினார். நடந்தது வேறு. மின்சாரத்தைக் கணிதத்தில் அடைப்பதா என்று அறிஞர் சிலர் எள்ளினர். மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் வேலையைத் துறந்தார். பெர்லினில் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது, குடும்பமும் இல்லை. பட்டறைக்காரரின் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று யாரேனும் நினைத்தார்களோ என்னவோ!

1833இல் நூரம்பர்க் தொழிற்கல்லூரியில் பணி கிடைத்தது. 1841இல் இலண்டன் இராயல் சங்கம் காப்ளி பதக்கம் வழங்கியது. சொந்த நாடு விழித்தது அதன்பிறகு. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி முழுமையாக அவரை அடைந்தபோது ஆண்டு 1852. அவர் வயது 63. இரண்டே ஆண்டுகள். 1854 ஜூலை 6இல் மறைந்தார்.

1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றது. தடைக்கு மறுதலையான கடத்துதிறனுக்கும் அலகு வேண்டியிருந்தது. அதற்கு அவர் பெயரையே திருப்பிப் போட்டு மோ என்றார்கள். 1971இல் அது சீமன்ஸ் என மாற்றப்பட்டது. தமிழிலும் ஓம் என்பதைத் திருப்பினால் மோ என்றே வருகிறது.